கண்ணாடி மறந்த அக்கா

ரொம்ப நாளாச்சு எழுதி. பரீட்சை முடிஞ்ச கையோட ஒரு பாவமன்னிப்புப் பதிவு போட்டுடறேன் :-)

நான் இருக்கிறது பலேர்மோவில் லிபெர்த்தா பகுதி. மரங்கள் நிழல் விரிச்ச பெரிய தெரு, பழைய பணக்கார அடுக்குமாடிகள். அந்த வீடுகளுக்குள்ளே பெருக்கித் துடைப்பதும் வயசானவங்களைப் பார்த்துக்கொள்வதும் நிறைய நம்மாட்கள்தான். 1980களிலிருந்து வந்து சேர்ந்த இலங்கைத் தமிழர்கள். ஞாயிற்றுக்கிழமைன்னா சைவக்காரங்களும் மலையேறி புனித ரொசாலியா குகைக்குப் போவாங்க. (அது தனிப் பதிவு.)

இத்தாலியில் வீட்டு வேலைக்காரர்களுக்கு வியாழன் மத்தியானமும் ஞாயிறும் லீவு என்பது பழைய வழக்கம். அதனால எங்க வேதபாடக் குழு வியாழன் நாலு மணிக்கு. எட்டுப் பேர். படிக்கிற பையன், தமிழ் சரளமா வாசிப்பான்னு என்னைத் தலைவனாக்கிட்டாங்க. நானும் ஆறு பக்கம் குறிப்பெடுத்து நாற்பது நிமிஷம் விளாசுவேன். காலையிலேருந்து வேலை பார்த்துட்டு வந்தவங்க கொட்டாவி விடாம என்ன செய்வாங்க?

சரி, எல்லாரையும் பங்கெடுக்க வைப்போம்னு ஆளுக்கொரு வசனம் வாசிக்கச் சொன்னேன். ஒரு அக்கா "கண்ணாடிய மறந்திட்டன் தம்பி" என்றார். அடுத்த வாரமும் அதே. "கயிறு கட்டிக் கழுத்துல தொங்க விடுங்கக்கா"ன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. அதுக்கப்புறம் மூணு வாரம் அக்கா வரலை. வேலையா இருக்கும்னு விட்டுட்டேன்.

அந்தச் சமயம்தான் ஜான் வெஸ்லி பத்திப் படிச்சேன். 1742ல் பிரிஸ்டலில் ஜெபவீடு கட்டிய கடன் நிக்குது. ஆளுக்கு வாரம் ஒரு பென்னி தரலாம்னு பேச்சு. ஏழைகள் எங்கே போவாங்கன்னு கேள்வி வந்தப்போ, ஃபாய் என்ற கேப்டன், "ரொம்ப ஏழையான பதினோரு பேரை என்கிட்ட விடுங்க, தராதவங்க பங்கை நான் போடறேன்"னு சொன்னாராம். அப்படி ஒவ்வொருத்தரும் பன்னிரண்டு பேர் கொண்ட வகுப்புக்குப் பொறுப்பெடுத்து வீடு வீடா காசு வாங்கப் போனாங்க. போன இடத்தில்தான் யார் எப்படி வாழறாங்கன்னு தெரிஞ்சுது. வாரா வாரம் வீடேறி அலைய முடியாதுன்னு பிறகுதான் ஒரே இடத்தில் கூட ஆரம்பிச்சாங்க. ஆக, முதல்ல வந்தது கூட்டம் இல்லை, வீட்டு வாசல்! 1814ல் இலங்கைக்கு வந்து யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் வேலை தொடங்கிய வெஸ்லியன் மிஷனரிகள் இந்த மரபில் வந்தவங்கதான்.

இத்தாலியிலேயே 1935ல் முசோலினி அரசு பெந்தெகொஸ்தே சபைகளைத் தடை செஞ்சுது. வீடுகளிலும் வயல்வெளியிலும் ஒளிஞ்சு கூடினாங்க. அந்தச் சுற்றறிக்கை 1955ல்தான் ரத்தாச்சு. அப்போ ஒரு ஆள் வரலைன்னா "வேலையா இருக்கும்"னு யாராவது விட்டிருப்பாங்களா?

மறுநாளே போனேன். அக்கா வேலை பார்க்கும் வீட்டுக்குள்ள நான் போக முடியாது, கீழே கதவு வரைக்கும் இறங்கி வந்தார். "தம்பி, கண்ணாடி எண்டது பொய். இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து பள்ளிக்கூடமே ஒழுங்காப் போகேல்ல. எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பன்." நான் என்ன சொன்னேன்னு நினைவில்லை. மன்னிப்புக் கேட்டேன், அது மட்டும் நிச்சயம்.

இப்போ வாசிக்கிறது நான் மட்டும். ரெண்டு தடவை, மெதுவா. குறிப்பு ஒரு பக்கம். அப்புறம் ஒரே ஒரு கேள்வி கேட்டுட்டு வாயை மூடிக்கணும், அதுதான் கஷ்டம். காணாமப்போன காசு உவமை அன்னிக்கு. அவள் ஏன் விளக்கைக் கொளுத்தினாள்னு கேட்டேன். ரொம்ப நேரம் யாரும் பேசலை. அக்காதான் ஆரம்பிச்சார்: "கட்டிலுக்குக் கீழ பகலிலும் இருட்டுத்தான் தம்பி. நான் ஒவ்வொரு நாளும் குனிஞ்சு பாக்கிறன். பெருக்கினாத்தான் காசு சத்தம் போடும்." என் ஆறு பக்கத்தில் இது எங்கேயும் இருந்ததில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் வராதவங்களுக்குப் போன் போடற பொறுப்பை அவரே கேட்டு வாங்கிட்டார்.

உங்க ஊர் ஜெபக்கூட்டத்திலோ அன்பியத்திலோ வாசிக்கக் கூச்சப்படறவங்களுக்கு என்ன வழி வச்சிருக்கீங்க? சொல்லுங்க மக்கா.