வால்வின் மேல் ஓர் எண்

மிதிவண்டிச் சக்கரத்தின் வால்வைச் சற்றே தளர்த்தினால் காற்று சீறிக்கொண்டு வெளியேறுவதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே உள்ள அழுத்தம் மூன்று நான்கு பார் அளவுதான். கடல் மட்டத்தில் நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம் ஏறக்குறைய ஒரு பார் என்பதை நினைவிற் கொள்ளுங்கள். கடலடியில் நீந்துவோர் முதுகில் சுமக்கும் சிலிண்டரிலோ காற்று 200 முதல் 300 பார் வரை திணிக்கப்பட்டிருக்கிறது!

இந்தக் காற்றை அடக்கி வைத்திருப்பது சிலிண்டரின் கழுத்தில் திருகிய ஒரு பித்தளை வால்வு. கழுத்துத் துளையின் விட்டம் 25 மில்லிமீட்டர் என்றால் பரப்பு ஏறத்தாழ 4.9 சதுர சென்டிமீட்டர். ஒரு பார் என்பது சதுர சென்டிமீட்டருக்கு 1.02 கிலோகிராம் எடை. பெருக்கிப் பாருங்கள்: 200 பாரில் வால்வை வெளியே தள்ளும் விசை ஒரு டன் எடைக்குச் சமம். 300 பாரில் ஒன்றரை டன்.

வால்வின் மேல் 232 என்றோ 300 என்றோ ஓர் எண் பொறித்திருக்கும். அன்றாடப் பயன்பாட்டில் அது தாங்கக்கூடிய உச்ச அழுத்தம் இது. வெடிக்கும் அழுத்தம் இதைவிட மிக அதிகம். ஐரோப்பிய முறைப்படி 232 பார் சிலிண்டரை ஒன்றரை மடங்கு, அதாவது 348 பார் வரை தண்ணீர் ஏற்றிச் சோதிக்கிறார்கள்.

வால்விலிருந்து வரும் காற்றின் அழுத்தத்தைக் குறைத்து மூச்சுக்கு ஏற்றதாக்கித் தருவது ரெகுலேட்டர். அதை வால்வுடன் இணைக்க இரண்டு வழிகள் உண்டு. பழைய வழியில் ஒரு கவ்வி வால்வைச் சுற்றிப் பிடித்து, பின்னாலிருந்து ஒரு திருகாணியால் இறுக்கும். அழுத்தம் மிகுந்தால் கவ்வி சற்றே நெகிழும்; இடையிலுள்ள ரப்பர் வளையம் பிதுங்கிவிடும். ஆகவே இதற்கு 232 பாரே எல்லை. ஜெர்மனியில் உருவான மற்றொரு முறையில் ரெகுலேட்டரே வால்வுக்குள் திருகப்படுகிறது. இதில் 232 பாருக்கு ஐந்து மரைகள். 300 பாருக்கு ஏழு.

இந்த இரண்டு மரைகளில்தான் நுட்பம் இருக்கிறது. ஏழு மரை ரெகுலேட்டர் ஐந்து மரை வால்வில் பொருந்தும்; வலியது எளியதோடு சேர்வதில் ஆபத்து இல்லை. ஐந்து மரை ரெகுலேட்டரை 300 பார் வால்வில் திருகினால், வால்வின் குழி ஆழமானதால் அதன் ரப்பர் வளையம் அடியைத் தொடாது. வால்வைத் திறந்த உடனே காற்று கசியும். எண்ணைப் படிக்க மறந்தவரையும் உலோகம் தடுத்துவிடுகிறது.

ஆனால் எல்லா இடத்திலும் இப்படித் தடுப்பு இல்லை. இரண்டு சிலிண்டர்களை ஒரு குறுக்குக் குழாயால் இணைப்பதுண்டு. இந்த இணைப்பை மேனிஃபோல்டு என்பார்கள். குழாயின் நடு வால்வு திறந்திருக்கும்வரை இரண்டும் ஒரே கலம்தான், அழுத்தம் சமமாகிவிடும். 300 என்று பொறித்த மேனிஃபோல்டை 207 பார் அலுமினியச் சிலிண்டர்கள் இரண்டில் பூட்டியிருப்பதாக வைத்துக்கொள்வோம். காற்று நிரப்புபவர் கண்ணில் படுவது ஏழு மரையும் 300 என்ற எண்ணும். அந்த எண் மேனிஃபோல்டுக்கு உரியது. அவர் பார்க்க வேண்டியது சிலிண்டரின் தோளில் பொறித்த எண்ணை. எது குறைவோ அதுவே முழு அமைப்புக்கும் எல்லை.

குக்கரில் பாதுகாப்பு வால்வு இருப்பதுபோல அமெரிக்க வால்வுகளில் ஒரு மெல்லிய உலோகத் தகடு உண்டு. சதுர அங்குலத்துக்கு 3000 பவுண்டு அளவுள்ள அலுமினியச் சிலிண்டரின் சோதனை அழுத்தம் 5000 பவுண்டு. தகடு அதை எட்டுவதற்குள் கிழிந்து காற்றை வெளியேற்றும். வலிமை மிகுந்த சிலிண்டருக்கான தகட்டை இதில் பொருத்தினால் அது கிழிய வேண்டிய நேரத்தில் கிழியாது.

கழுத்து மரையில் உள்ள ஆபத்து இன்னும் மோசமானது. மெட்ரிக் வால்வின் விட்டம் 25 மில்லிமீட்டர், மரைக்கு மரை 2 மில்லிமீட்டர். பழைய முக்கால் அங்குலச் சிலிண்டரின் மரை விட்டம் 26 மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம். இதில் அது சில சுற்றுகள் திருகி, நன்றாகப் பிடித்துக்கொண்டதுபோல் தோன்றும். காற்று ஏறும்போது நாம் கணக்கிட்ட அந்த ஒரு டன் விசை, நுனிகளில் மட்டும் பற்றியுள்ள மரைகளின் மேல் விழும். இப்படி வால்வு பிய்த்துக்கொண்டு பறந்த விபத்துகள் நடந்திருக்கின்றன. பூட்டியபின் வால்வின் மரை உள்ளே மறைந்துவிடுவதால், பூட்டுவதற்கு முன்பே அளவுகோல் கொண்டு இரண்டு மரைகளையும் சோதிக்கிறார்கள்.