வேலியோடு ஆடும் பச்சைப் பாம்பு

பாகூர் பக்கமிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: கிளுவை வேலியில் கிடக்கும் பச்சைப் பாம்பு கண்ணைக் கொத்துமா?

கொத்தாது. ஆனால் அதன் கண் பேசத் தகுந்ததுதான்; அதற்கு முன் அது ஒளியும் விதம்.

ஊசுடு ஏரிக்கரையில் சேற்று நிற முதுகோடு நிற்கும் மடையான், அசையாமல் நின்றே மறையும். பறந்தால்தான் அதன் வெள்ளைச் சிறகு தெரியும். பச்சைப் பாம்போ அசைந்து மறைகிறது. காற்றில் இலையெல்லாம் ஆடும்போது ஒரு கொடி மட்டும் அசையாதிருந்தால் பருந்துக்கும் தெரிந்துவிடும், ஓணானுக்கும் தெரிந்துவிடும். அதனால் அதுவும் தலையையும் கழுத்தையும் நீட்டிக் காற்றோடு சேர்ந்து ஆடுகிறது.

இத்தனைக்கும் அதன் தோலில் பச்சை நிறமியே கிடையாது. மேலே மஞ்சள் நிறமி; அதன் அடியில் நீல ஒளியைத் திருப்பியனுப்பும் நுண்படிகங்கள். இரண்டும் சேர்ந்துதான் நம் கண்ணுக்குப் பச்சை.

பாம்புகளின் கண்மணி பெரும்பாலும் வட்டமாகவோ செங்குத்தாகவோ இருக்கும். இதற்குக் கிடைமட்டம், பழைய பூட்டின் சாவித்துவாரத்தைப் படுக்க வைத்தது போல. கண்ணிலிருந்து மூக்கு நுனிவரை இருபுறமும் ஒரு பள்ளம் ஓடுகிறது. அதன் வழியே இரு கண்ணும் ஒரே இரையைப் பார்த்து, தூரத்தைச் சரியாகக் கணிக்கின்றன. விஷம் லேசானது, பற்கள் வாயின் பின்புறம். கடித்தால் வலியும் வீக்கமும் வந்து அடங்கும். இந்தச் சாதுவைத்தான் கண்கொத்தி என்று தேடி அடிக்கிறோம்.

அஞ்ச வேண்டிய மறைவு வரப்பில் இருக்கிறது. கண்ணாடி விரியனின் சங்கிலிப் புள்ளிகள் உடலின் வடிவத்தையே உடைத்துச் சருகோடு கலந்துவிடும். ஆள் வந்தாலும் மறைவை நம்பிப் பெரும்பாலும் நகராது; மிதித்தபின் கடிக்கும். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் என்பது ஆய்வாளர் கணிப்பு. அதில் இந்த விரியனின் பங்கு பெரிது.

வில்லியனூரிலும் பாகூரிலும் உயிர்வேலிகளை வெட்டிவிட்டுக் கம்பி கட்டுகிறார்கள். கம்பியில் எந்தப் பச்சை எப்படி ஒளியும்? கிளுவையும் நொச்சியும் இருக்கும் வேலியை விட்டுவையுங்கள். இரவில் வரப்புக்குப் போனால் டார்ச்சும் பூட்ஸும் எடுத்துக்கொள்ளுங்கள். கடிபட்டால் கீறாமல், இறுக்கிக் கட்டாமல், விஷமுறிவு மருந்துள்ள ஆஸ்பத்திரிக்கு நேரே போங்கள்.