உங்களுக்குத் தெரியுமா? பழைய பிக்கப்புக்கு எந்த ஸ்பிரிங்?

அமெரிக்காவின் செவர்லே நிறுவனம் 1960-இலேயே தன் சி-10 பிக்கப்பின் பின் ஆக்ஸிலுக்குக் காயில் (சுருள்) ஸ்பிரிங் பொருத்தியது. அதன் உடன்பிறப்பான ஜி.எம்.சி. வண்டிகள் பலவும் 1967–72 காலத்தில் லீஃப் (தகட்டு) ஸ்பிரிங்கோடு வந்தன. இன்று இந்த வண்டிகளைப் புதுப்பிப்பவர்கள் எதைத் தேர்ந்தெடுப்பது? சுமை ஏற்றாமல் ஓட்டுவதற்கே வாங்குகிறீர்கள் என்றால் காயில்தான் பொருத்தம். லீஃப் கட்டில் தகடுகள் ஒன்றோடொன்று உரசுவதால் சிறு குலுக்கல்களை அது எளிதில் உள்வாங்குவதில்லை. சுமையைத் தாங்குவதோடு ஆக்ஸிலைப் பிடித்து நிறுத்துவதும் அதன் பொறுப்பே. ஆகவே, வேகமாகக் கிளம்பும்போது அது முறுக்கிக்கொள்ளும். காயில் சுமையை மட்டும் தாங்குகிறது. ஆக்ஸிலை முன்பின் நகராமல் நீண்ட கைகளும், பக்கவாட்டில் விலகாமல் பான்ஹார்ட் கம்பியும் பிடித்துக்கொள்கின்றன.

‘காயில் பலவீனமானது; அதனால்தான் 1973 மாடலில் செவர்லேயே லீஃபுக்குத் திரும்பியது’ என்பார்கள். லீஃப் அமைப்பில் பாகங்கள் குறைவு, பாரம் சட்டகத்தில் இரண்டு இடங்களில் பரவும் என்பது உண்மையே. ஆனால் தாங்கும் திறனைத் தீர்மானிப்பது ஸ்பிரிங்கின் வடிவமல்ல, விறைப்பு. சி-10-இன் அந்த நீண்ட கை அமைப்பின் வழிவந்ததையே அமெரிக்காவின் நாஸ்கார் கப் தொடர் பந்தயக் கார்கள் 2021 வரை பயன்படுத்தின. தினமும் பாரம் ஏற்றுபவர் லீஃபை வைத்துக்கொள்ளட்டும். மற்றவர்களுக்குக் காயிலே மேல். எதுவானாலும், வாங்குமுன் கைகளின் புஷ்களையும் சட்டகத்தின் துருவையும் பாருங்கள்.