சந்திரனில் இறங்குதலும் உயரம் அறிதலும்

மட்டாஞ்சேரிக் காயலில் வள்ளம் செலுத்துவோர் கரையை நெருங்குங்கால் மூங்கிற்கழியை நீரில் ஊன்றி ஆழம் அறிவர். வில்லிங்டன் தீவுக்கும் மட்டாஞ்சேரிக்கும் இடைப்பட்ட கால்வாயில் வண்டல் ஓயாது படிவதால், முன்பு அளந்த ஆழத்தை என்றும் நம்பியிருத்தல் இயலாது. தரை எவ்வளவு தூரத்தில் உள்ளது என்னும் இவ்வினாவே சந்திரனில் இறங்கும் விண்கலத்தின் விதியையும் நிர்ணயிக்கிறது.

சந்திரனில் வாயுமண்டலம் இல்லையென்றே கூறலாம். ஆதலின் அங்கே பாராசூட் பயன்படாது. விநாடிக்கு ஏறத்தாழ 1.68 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கலம், எஞ்சின்களின் எதிருந்துதலால் மட்டுமே அவ்வேகத்தை இழத்தல் வேண்டும். உயரத்தை அறியக் கழிக்குப் பதிலாக ரேடியோ அலையும் லேசர் ஒளியும் உதவுகின்றன. அவை தரையிற் பட்டு மீளும் நேரமே அளவுகோல். 150 மீட்டர் உயரத்தினின்று ஒளி சென்று மீள, ஒரு விநாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கே ஆகும்.

2023 ஏப்ரலில் ஜப்பானியத் தனியார் நிறுவனமான ஐஸ்பேஸின் கலம் ஒரு பெரும்பள்ளத்தின் விளிம்பைக் கடந்தது. தரை திடீரெனத் தாழவே, கருவி காட்டிய உயரமும் திடீரென மிகுந்தது. கணிப்பொறியோ அதனைக் கருவியின் பிழையெனத் தள்ளிவிட்டது. ஏறத்தாழ 5 கிலோமீட்டர் உயரத்திலேயே தரையை அடைந்துவிட்டதாகக் கொண்டு, எரிபொருள் தீர்ந்தபின் கலம் வீழ்ந்து நொறுங்கிற்று. கருவி மெய்யுரைத்தும் பயனில்லாது போயிற்று! 2024 பிப்ரவரியில் இறங்கிய அமெரிக்க நிறுவனத்தின் ஒடிசியஸ் கலத்திலோ, லேசர் கருவியின் பாதுகாப்பு விசையைப் புறப்படுமுன் விடுவிக்கத் தவறிவிட்டனர். கலம் சாய்ந்தே நின்றது. ஃபயர்ஃபிளை நிறுவனத்தின் புளூ கோஸ்ட் 2025 மார்ச் 2ஆம் நாள் நேராக நின்றது.

நம் நாடும் இவ்விழப்பை அறியாததன்று. 2019 செப்டம்பர் 7 அன்று சந்திரயான்-2இன் இறங்குகலம் அழிந்தது. பின்னர் வேகத்தை நேரே அளக்கும் லேசர் கருவி சேர்க்கப்பட்டது, கால்கள் வலுவாக்கப்பட்டன, இறங்குமிடம் 500 மீட்டர்ச் சதுரத்தினின்று 4 கிலோமீட்டர் நீளமும் 2.4 கிலோமீட்டர் அகலமுமாக விரிவாக்கப்பட்டது. 2023 ஆகஸ்ட் 23 மாலை சந்திரயான்-3, சுமார் 150 மீட்டர் உயரத்தில் சற்றே நின்று இடம் தேர்ந்து இறங்கிற்று.

ஆசிரியர்கள் இதனைப் படகுத்துறையிலேயே விளக்கலாம். முடிச்சிட்ட கயிற்றில் ஈயக்குண்டு கட்டி, நீர் ஏறும்போதும் வடியும்போதும் மாணவர் ஆழத்தைக் குறிக்கட்டும். ஓர் அளவு மற்றவற்றோடு பொருந்தாவிடில், அதனை அடித்துவிடுமுன் மறுமுறை அளந்து பார்க்கச் செய்க.