கடலோரத்து முல்லைவாயில்

முல்லைவாயில் என்றால் அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் நடுவிலுள்ள எங்கள் ஊர்தான் என்று நேயர்கள் நினைக்கக்கூடும். தெற்கே சீகாழிக்குக் கிழக்கில், கடலோரத்தில், இன்னொன்று இருக்கிறது. ஜனங்கள் அதைத் திருமுல்லைவாசல் என்கிறார்கள். எங்களூரைச் சுந்தரர் பாடினார். அதைச் சம்பந்தர் பாடினார். ஸ்தல புராணமும் ஏறக்குறைய ஒன்றே. இங்கே தொண்டைமானின் யானை, அங்கே கிள்ளிவளவனின் குதிரை, இரண்டும் முல்லைக் கொடியில் கால் சிக்கி நின்றவை.

புராணம் இருக்கட்டும். உப்பனாறு கடலில் கலக்கும் அவ்வூரில் ஜீவனம் மீனைக் கொண்டுதான். 2004 டிசம்பர் 26-ந் தேதி வந்த ஆழிப் பேரலையையும் கண்ட ஊர் அது. ஆயினும் பிற்காலத்தில் ஊரைக் கலக்கியது ஒரு வலை! சுருக்குமடி என்று பெயர். மீன் கூட்டத்தைச் சுற்றி வளைத்து, அடிக்கயிற்றை இழுத்தால் பை போல் மூடிக்கொள்ளும், குஞ்சும் தப்பாது. 2000-ல் சர்க்கார் இதைத் தடை செய்தது. கடன் பட்டு வலை வாங்கினவர்கள் சும்மா இருப்பார்களா? 2021-ல் அனுமதி கேட்டுப் போராடியவர்களில் இவ்வூராரும் உண்டு. சிறு படகுக்காரர்களோ, தங்கள் பங்கு மீனும் போய்விடுகிறதே என்று முறையிட்டார்கள். இரு கட்சியிலும் வயிறு உண்டு. என் மனம் என்னவோ சிறு படகின் பக்கமே சாய்கிறது.

2023 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் இடைக்கால உத்தரவிட்டது: 12 கடல் மைலுக்கு அப்பால், திங்கள், வியாழன் மட்டும், காலை 8 மணி முதல் மாலை 6 மணி வரை. அவ்வளவு தூரம் போய்த் திரும்பவே பொழுது சரியாகிவிடுகிறது என்றார்கள் வலைக்காரர்கள்.