கடுகளவு இடத்தில் நிற்கும் கருவி

ஒன்பதாம் வகுப்பில் புவியின் அகச்செயல்முறைகள் பாடம் நடந்துகொண்டிருந்தது. 2004 டிசம்பர் 26 அன்று சுமத்ரா அருகே ஏற்பட்ட நிலநடுக்கத்தின் அதிர்வலைகள் சில நிமிடங்களில் நம் மண்ணுக்கு அடியில் கடந்து சென்றன. ஆழிப்பேரலை வந்து சேர இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஆயிற்று என்று சொன்னேன். ஒரு மாணவி எழுந்து, "அந்த அலையைப் பார்க்கிற கருவியை நாமே செய்ய முடியாதா சார்?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்வியால் எங்கள் அறிவியல் மன்றத்தினர் இரண்டு மாதம் உழைத்தார்கள். கருவி எழுந்து நின்றது. ஆனால் வேலை செய்யவில்லை. தண்டைத் தள்ளிவிட்டால் இரண்டு மூன்று முறை ஆடிவிட்டு, ஒவ்வொரு முறையும் வெவ்வேறு இடத்தில் நின்றது. காந்தத்தில் குறையா, கம்பிச்சுருளில் குறையா என்று தேடினோம். குறை இருந்தது கடுகைவிடச் சிறிய ஓர் இடத்தில். அதைச் சரிசெய்யத் தேவையான பொருளோ எங்கள் ஊர்க் கடைத்தெருவில் கழிவாகக் கிடந்தது. இதே முயற்சியில் இறங்கும் ஆசிரியர்களுக்குப் பயன்படட்டும் என்று அந்த அனுபவத்தை எழுதுகிறேன்.

கருவியின் அமைப்பு

அமெரிக்கப் பேராசிரியர் லேமன் செய்த எளிய நில அதிர்வுமானி 1979 இல் 'சயின்டிஃபிக் அமெரிக்கன்' இதழின் வழியாகப் பலருக்கும் அறிமுகமானது. அது ஒரு கிடைமட்ட ஊசல். வீட்டு வாசல் கேட்டை நினைத்துக்கொள்ளுங்கள். நிமிர்ந்த சட்டம் ஒன்று. அதிலிருந்து கிடையாக நீளும் தண்டு. தண்டின் வெளிமுனையில் எடை. எடைக்கு அருகிலிருந்து ஒரு கம்பி சாய்வாக மேலேறிச் சட்டத்தின் உச்சியில் கட்டப்பட்டிருக்கும். தண்டின் உள்முனை சட்டத்தின் மீது அழுந்தி நிற்கும். அந்தத் தொடுமிடம்தான் தாங்குமுனை. 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் கொடைக்கானல் வானாய்வகத்தில் வைக்கப்பட்ட மில்ன் நில அதிர்வுமானியும் கிடைமட்ட ஊசல் வகையைச் சேர்ந்ததே.

இந்த அமைப்பின் சிறப்பு அதன் மெதுவான ஆட்டம். தொலைதூர நிலநடுக்கங்களின் மேற்பரப்பு அலைகள் ஒருமுறை அலைய ஏறத்தாழ 20 வினாடி எடுத்துக்கொள்கின்றன. கருவியின் அலைவுநேரமும் அதற்கு ஓரளவு நெருக்கமாக இருக்க வேண்டும். 15 வினாடி அலைவுநேரமுள்ள தனி ஊசல் வேண்டுமானால் அதற்கு 56 மீட்டர் நீளக் கயிறு தேவை. 60 செ.மீ. தண்டுள்ள கிடைமட்ட ஊசலில், சுழல் அச்சைச் செங்குத்திலிருந்து சுமார் 0.6 பாகை சாய்த்தாலே போதும். ஆனால் இவ்வளவு சிறிய சாய்வில் தண்டை நடுவுக்குத் திருப்பும் விசை மிகக் குறைவு. தாங்குமுனையில் சிறிது உராய்வு இருந்தாலும் தண்டு போன இடத்திலேயே நின்றுவிடும்.

ஏன் கடினமான உலோகம்?

முதலில் நாங்கள் கூராக்கிய ஆணியை ஓர் இரும்புப் பட்டையில் ஊன்றியிருந்தோம். கூர்மையாக இருந்தால் உராய்வு குறையும் என்று நினைத்தோம். பட்டையைக் கழற்றி உருப்பெருக்கியில் பார்த்தபோது ஒரு குழி தெரிந்தது. ஆணியின் முனையும் மழுங்கியிருந்தது.

காரணத்தை எட்டாம் வகுப்பு 'விசையும் அழுத்தமும்' பாடமே சொல்லிவிடுகிறது. எங்கள் எடை 2 கி.கி., அதாவது சுமார் 20 நியூட்டன். தண்டு 60 செ.மீ.; கம்பி கட்டிய உயரம் 30 செ.மீ. ஆகவே தாங்குமுனையில் அழுத்தும் விசை 20 × 60 ÷ 30 = 40 நியூட்டன். ஆணியின் முனை 0.01 சதுர மி.மீ. என்று கொண்டால், அழுத்தம் ஒரு சதுர மி.மீட்டருக்கு 4000 நியூட்டன். சாதாரண இரும்போ 250 நியூட்டன் அளவிலேயே நிலையாக உருமாறத் தொடங்கிவிடும்.

ஆகவே இரண்டு மாற்றங்கள் தேவை. ஒன்று, கூர்முனைக்குப் பதிலாகச் சிறு குண்டு. 6 மி.மீ. எஃகுக் குண்டு தட்டையான எஃகுத் தகட்டைத் தொடும் இடம் இதே விசையில் சுமார் 0.2 மி.மீ. விட்டமுள்ள வட்டமாக இருக்கும். அழுத்தம் மூன்றில் ஒரு பங்காகக் குறையும். மேலும் குண்டு தேய்த்துக்கொண்டு நகராது, மெல்ல உருளும். இரண்டாவது, குண்டும் தகடும் இரண்டுமே கடினமாக இருக்க வேண்டும். நல்ல குண்டைச் சாதாரண இரும்பில் ஊன்றினாலும் இரும்பு குழிந்துவிடும்.

எங்கே தேடுவது?

சைக்கிள் கடை: சக்கர அச்சில் போடும் பால்ரஸ் குண்டுகள் கடினப்படுத்திய எஃகு. பின்சக்கரத்தில் வழக்கமாக 6 மி.மீட்டரைவிடச் சற்றுப் பெரிய குண்டு இருக்கும். பழையதில் தேய்மானம் இருக்கலாம். புதிதாகவே வாங்குங்கள், விலை அற்பம்.

லேத் பட்டறை: இரும்பைக் கடைய உதவும் டங்ஸ்டன் கார்பைடு டிப்கள் ஓரம் மழுங்கியதும் ஒதுக்கப்படும். எங்கள் ஊர்ப் பட்டறைக்காரர் ஒரு டப்பாவைக் கவிழ்த்துக் காட்டி, "தேஞ்சது ஓரம்தான் சார், முகம் புதுசு மாதிரிதான் இருக்கும்" என்றார். நமக்குத் தேவை அந்த முகம்தான். பள்ளம், வரி இல்லாத தட்டை முகமாகப் பார்த்து எடுக்க வேண்டும். நடுவில் துளை இருந்தால் குண்டு துளைக்குப் பக்கத்தில் படட்டும். கார்பைடு பழைய உலோகமாகவும் நல்ல விலை போகும் என்பதால் பட்டறைகள் அதைச் சேர்த்து வைத்து விற்பது உண்டு. கேட்டு, உரிய விலை கொடுத்து வாங்குவதே முறை.

பால்பாயின்ட் பேனா: பெரும்பாலான பேனாக்களின் முனைக் குண்டும் டங்ஸ்டன் கார்பைடே. மாணவர்களுக்குக் காட்ட அருமையான எடுத்துக்காட்டு. ஆனால் நம் கருவிக்கு அது மிகச் சிறியது. தொடுபரப்பு குறைந்து அழுத்தம் மீண்டும் ஏறிவிடும்.

வாங்கியது கடினமானதுதானா என்று அறியச் சில சோதனைகள் போதும். அரத்தை வைத்துத் தேய்த்தால் சாதாரண இரும்பில் அரம் கடிக்கும். கடினப்படுத்திய எஃகிலும் கார்பைடிலும் வழுக்கும். கார்பைடின் அடர்த்தி எஃகைப்போல் ஏறத்தாழ இருமடங்கு. கையில் வைத்தாலே கனம் தெரியும்.

பொருத்தும் முறை

ஒரு போல்ட்டின் முனையில் லேத்தில் சிறு குழி போட்டு, குண்டை மண்ணெண்ணெயால் துடைத்து, இருகலவைப் பசையால் ஒட்டி, போல்ட்டைத் தண்டின் உள்முனையில் பொருத்துங்கள். கார்பைடு டிப்பைச் சட்டத்தில் செங்குத்தாக ஒட்டுங்கள். பசை தொடுமிடத்தில் படக்கூடாது. துரு பிடிக்காதிருக்க குண்டில் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு போதும்.

ஓர் எச்சரிக்கை: கார்பைடைச் சுத்தியலால் தட்டக் கூடாது, உடைந்து தெறிக்கும். சாணைக்கல்லில் தீட்டவும் கூடாது. அதன் தூளில் கோபால்ட் இருப்பதால் சுவாசத்துக்குக் கேடு. கிடைத்த வடிவிலேயே பயன்படுத்துவோம். பழைய பேரிங்கை உடைத்துக் குண்டு எடுக்கும் வேலையையும் மாணவர்களிடம் தர வேண்டாம்.

சரிபார்த்தல்

தண்டை 2 செ.மீ. விலக்கி விடுங்கள். அது ஆடி ஓய்ந்ததும் நிற்கும் இடத்தைத் தாளில் குறியுங்கள். பத்து முறை செய்யுங்கள். பத்துப் புள்ளிகளும் ஓரிடத்தில் குவிந்தால் தாங்குமுனை நன்று. சிதறினால் உராய்வு இருக்கிறது. இந்தச் சோதனை முடிந்த பிறகே ஆட்டத்தைத் தணிக்கும் காந்தத்தையும் செம்புத் தகட்டையும் பொருத்த வேண்டும். முன்பே பொருத்தினால் குறை மறைந்துவிடும்.

எங்கள் பழைய தாளில் புள்ளிகள் விரல் அகலத்துக்குச் சிதறியிருந்தன. புதிய தாளில் அவற்றை ஒரு மிளகால் மறைத்துவிடலாம். இரண்டு தாள்களும் இப்போது ஆய்வகச் சுவரில் அருகருகே ஒட்டப்பட்டுள்ளன.

இந்தக் கருவி நிலநடுக்கத்தை முன்கூட்டிச் சொல்லாது. ஆழிப்பேரலை எச்சரிக்கையும் தராது. அந்தப் பணியை ஐதராபாத்திலுள்ள இந்திய ஆழிப்பேரலை முன்னெச்சரிக்கை மையம் 2007 முதல் செய்துவருகிறது. இதை முதல் நாளே மாணவர்களிடம் தெளிவாகச் சொல்லிவிடுவது நல்லது. நாங்களும் பெரிய நிலநடுக்கம் எதையும் இன்னும் பதிவுசெய்யவில்லை.

ஆனால் கருவிக்கு அருகில் ஒருவர் வந்து நின்றாலே தரை கண்ணுக்குத் தெரியாத அளவு சாய்ந்து, தண்டு மெல்ல இடம் மாறுகிறது. கேள்வி கேட்ட மாணவி அதைப் பார்த்ததும் இரண்டடி பின்னால் போனாள். தண்டு பழைய இடத்துக்குத் திரும்பியது. மறுபடி முன்னால் வந்தாள். அன்று மதிய உணவு மணி அடித்த பிறகும் அவளை அங்கிருந்து அழைத்துவர வேண்டியிருந்தது.