பெரும்பாணாற்றுப்படையின் வாளையும் தூண்டில் முள்ளின் தேர்வும்

ஆய்வுச் சுருக்கம்

காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாட்டுடைத் தலைவனாகக் கொண்டது பெரும்பாணாற்றுப்படை. தூண்டிலில் பொதிந்த இரையைக் கவர்ந்துகொண்டு தப்பிய வாளை மீன் ஒன்றை அந்நூல் காட்டுகிறது. அம்மீன் ஏன் தப்பியிருக்கலாம் என்னும் வினாவை முன்வைத்து, மீனின் வாயமைப்புக்கும் தூண்டில் முள்ளின் வடிவுக்கும் உள்ள தொடர்பை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: தூண்டில் முள், பெரும்பாணாற்றுப்படை, வாளை, விரால், காஞ்சிபுரம் ஏரிகள்.

முன்னுரை

பட்டு நெசவாளர் வாழும் பிள்ளையார்பாளையத்தை உள்ளடக்கிய காஞ்சிபுரம், ஏரிகள் சூழ்ந்த நிலப்பரப்பில் அமைந்தது. தென்னேரி, உத்திரமேரூர் ஏரி போன்ற நீர்நிலைகள் வேளாண்மைக்கு மட்டுமன்றி மீன்பிடிப்புக்கும் இடமாகின்றன. இப்பகுதியின் தூண்டில் தொழிலைப் பற்றிய பழஞ்சான்றாகப் பெரும்பாணாற்றுப்படையைக் கொள்ளலாம். 500 அடிகளால் அமைந்த இப்பாட்டை இயற்றியவர் கடியலூர் உருத்திரங்கண்ணனார்.

இலக்கியக் காட்சி

இரைக்கான ஊன் இட்ட தோற்பையைச் சுமந்த பாண்மகன் ஒருவன் நீண்ட மூங்கிற்கோலில் நாண் கட்டித் தூண்டிலிடுகிறான். கோல், நாண், வளைந்த இரும்பு முள், அதனைப் பொதிந்த இரை ஆகிய நான்கு கூறுகளையும் புலவர் தனித்தனியே சுட்டுகிறார். வாளை இரையை மட்டும் கவ்விச் செல்கிறது. முள் வெறிதே நிற்கிறது. தப்பிய மீனோ, கரையோரப் பிரம்பின் அசையும் நிழலையும் தூண்டிற்கோல் எனக் கருதி அஞ்சுகிறது. பிளந்த வாயை வாளைக்கு அடையாகப் புலவர் தந்திருப்பது இங்கு முதன்மையாக நோக்கத்தக்கது.

முள்ளின் உறுப்புகள்

தூண்டில் முள்ளில் நாண் கட்டும் காது, நேரான தண்டு, வளைவு, கூர்முனை, முனைக்குக் கீழே பின்னோக்கி நிற்கும் எதிர்முள் என ஐந்து உறுப்புகள் உள்ளன. கூர்முனைக்கும் தண்டுக்கும் இடைப்பட்ட வெளியே முள்ளின் வாயகலம். மீன் முள்ளில் சிக்குவது பெரிதும் இவ்வகலத்தைப் பொறுத்தது. இரை பருத்து இவ்வெளியை அடைத்துவிட்டால் கூர்முனை மீனின் தசையில் தைக்க இடமின்றிப் போகும்.

சந்தையில் விற்கப்படும் முட்களின் எண் முறை புதியவரைக் குழப்பக்கூடியது. 16, 12, 8, 4 என எண் குறையக் குறைய முள் பெரிதாகும். 1 என்னும் எண்ணைக் கடந்தபின் 1/0, 2/0, 3/0 என எண் கூடக்கூட முள் பெரிதாகும். நிறுவனத்துக்கு நிறுவனம் அளவு சிறிது மாறுபடுவதால் எண்ணை மட்டும் நம்பாது வாயகலத்தைக் கண்ணால் கண்டு தேர்வதே முறை.

மீனின் வாயும் முள்ளும்

கெண்டை இனங்களுக்குத் தாடையில் பல் இல்லை. தொண்டையிலேயே பல் உண்டு. அவை இரையை உறிஞ்சிச் சுவைத்து, ஐயம் தோன்றின் உமிழ்ந்துவிடும். ஆதலின் சிறு கெண்டைக்கு 12 முதல் 16 வரையிலான மெல்லிய கம்பி முள் ஏற்றது. 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஜிலேபி மீனுக்கும் வாய் சிறிது. அதற்கு 8 முதல் 12 வரை பொருந்தும்.

கெளுத்தி, நீரடியில் மீசையால் இரையைத் தடவியறிந்து விழுங்குவது. குட்டைத் தண்டுடைய முள்ளை அது தொண்டைவரை இழுத்துவிடும், கழற்றுவது கடினம். நீண்ட தண்டுடைய 4 முதல் 8 வரையிலான முள்ளே கைக்கு எளிது. பதுங்கிப் பாய்ந்து இரையைக் கவ்வும் விராலின் வாய் அகன்றது, பல் உடையது. தவளை, சிறுமீன் ஆகிய பருத்த இரைக்கு ஏற்ப 1/0 முதல் 3/0 வரையிலான தடித்த முள் வேண்டும்.

வாளையின் வாய்ப்பிளவு கண்ணையும் கடந்து பின்னே நீள்வது. கூரிய சிறுபற்கள் நிறைந்த அவ்வாய் இரையைப் பற்றி இழுத்துப் பிய்க்க வல்லது. முள்ளின் வாயகலம் சிறுத்தோ, முனை இரைக்குள் முழுதும் புதைந்தோ இருப்பின் இரை போகும், முள் நிற்கும். புலவர் காட்டும் நிகழ்ச்சி இவ்விளக்கத்தோடு இயைகிறது. பாட்டில் முள்ளின் அளவு கூறப்படாமையால் இதனை முடிந்த முடிபாகக் கொள்ளாது பொருந்தும் விளக்கமாகக் கொள்வதே தகும்.

தேர்வின் அறம்

முள் தேர்வு பிடிப்பவனின் ஊதியத்தோடு முடிவதன்று. விழுங்கப்பட்ட முள் குடலில் தைத்தால், சிறிதென்று திரும்ப விடப்படும் மீனும் பிழைப்பது அரிது. கூர்முனை தண்டை நோக்கி உள்வளைந்த வட்ட முள், பெரும்பாலும் மீனின் வாய்க்கடையில் தைப்பதால் இத்தீங்கைக் குறைக்கிறது. இம்முள்ளைப் பயன்படுத்துவோர் கோலைச் சுண்டி இழுத்தலாகாது. நாண் இறுகும்வரை பொறுத்திருத்தல் வேண்டும். எதிர்முள்ளைக் குறட்டால் நசுக்கிவிடுதலும் காயத்தைக் குறைக்கும்.

எம்முள்ளும் பொருந்தாத காலமும் ஒன்று உண்டு. விரால் தன் செந்நிறக் குஞ்சுக் கூட்டத்தைக் காத்துத் திரியும்போது அருகில் விழும் எதனையும் தாக்கும். அப்போது அதனைப் பிடிப்பது எளிது. ஆனால் காவல் இழந்த குஞ்சுகள் பிற மீன்களுக்கு இரையாகும். அவ்வேளையில் தூண்டிலை எடுத்துக்கொள்வதே ஏரிக்குச் செய்யும் நன்மை.

முடிவுரை

மீனின் வாய், அதன் உண்ணும் முறை, இரையின் பருமன் ஆகிய மூன்றையும் நோக்கியபின் முள்ளின் எண்ணுக்குச் செல்வதே தேர்வின் ஒழுங்கு. வாளையின் பிளந்த வாயையும் வெறிதே நின்ற முள்ளையும் ஒரே காட்சியில் இணைத்த உருத்திரங்கண்ணனார், இவ்வொழுங்கின் முதற்படியை அறிந்தவராகவே தோன்றுகிறார். சங்கப் பாடல்களின் தொழிற்காட்சிகளை உவமைநயத்துக்காக மட்டுமன்றித் தொழிலறிவின் பதிவாகவும் பயில்வதற்கு இக்காட்சி வழிகாட்டுகிறது.